சோப்பு டப்பா சொல்லாதது

என் வீட்டுக்காரர் கரண்ட் வருகிறதா இல்லையா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் கிணற்று மோட்டார் ஓடவில்லை. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றவருக்கு டீ கொண்டுபோனேன். டெஸ்டரை ஒரு திருகில் வைத்து, இடது கையை அதன் மேல் குடை மாதிரி கவிழ்த்து, மூக்கு பெட்டியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். கைப்பிடிக்குள் இருக்கிற சின்ன விளக்கு எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டெஸ்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் மோதிர விரலின் முதுகால் அந்தத் திருகைச் சட்டென்று தட்டினார்.

என் கையிலிருந்த டீ டம்ளர் வரப்பில் போய் விழுந்தது.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீற?"

"ஒண்ணும் இல்ல. கரண்ட் இல்ல. சும்மா பாத்தேன்."

"டெஸ்டர் எதுக்கு கீது?"

"வெயில்ல லைட்டு எரியறது தெரியல."

மணி ஏழுகூட ஆகவில்லை. வெயில் தென்னை மரத்தின் தலையைத்தான் தொட்டிருந்தது. போன பொங்கலிலிருந்து அவர் வண்டியை எடுக்காமல், "கால் வலிக்குது, நீ ஓட்டு" என்று என்னை ஓட்டவைத்துப் பின்னால் உட்கார்ந்து வந்ததும், செய்தித்தாளை வாங்கி மடித்து அப்படியே வைத்துவிடுவதும், சாம்பாரில் கருவேப்பிலையை எடுக்காமல் மென்றதும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

வீட்டுக்கு வந்து பீரோவுக்குப் பின்னால் தேடினேன். காஞ்சிபுரம் கண் ஆஸ்பத்திரி ஃபைல் கிடைத்தது. ஸ்டார்ட்டர் சாமான் வாங்கப் போகிறேன் என்று இவர் காஞ்சிபுரம் போனதில் பாதி நாள் கண்ணுக்கு லேசர் வைத்துக்கொள்ளத்தான் போயிருக்கிறார். சர்க்கரை கண்ணின் உள்திரையைத் தின்றிருக்கிறது. டாக்டர் என்ன சொன்னார் என்று இவர் வாயாலேயே சொல்லவைத்தேன். போனது போனதுதான், மிச்சம் இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு முதலில் வருவது கோபம். அழுகை அதற்குப் பிறகுதான் வரும், அதுவும் பாத்திரம் எல்லாம் கழுவி முடித்த பிறகு. அன்றைக்கும் அதே வரிசைதான்.

"வேலைய வுட்டுடு" என்றேன்.

"வுட்டுட்டு?"

"நிலம் கீது. மாடு கீது."

"மோட்டாரு ஓடற சத்தத்த கேட்டே பேரிங் போச்சா, வைண்டிங் போச்சான்னு சொல்லுவேன். அதுக்கு கண்ணு எதுக்கு?"

"கரண்ட் கீதா இல்லையான்னு பாக்கறதுக்கு?"

தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "யார்கிட்டயும் சொல்லிடாத. கண்ணு தெரியாதவன கூப்புட்டு எவன் பொட்டிய தொறக்க சொல்லுவான்?"

உத்திரமேரூருக்கும் மானாம்பதிக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு ஊர்களுக்கு இவர்தான் மோட்டார் மெக்கானிக். பயிர் காய்கிறது என்றால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருவர் இவரைக் கல்யாணப் பந்தியிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போயிருக்கிறார், பாயசம் வருவதற்கு முன்பே. அதை இருபது வருஷமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த மனிதரிடம் மாட்டைப் பிடித்துக் கட்டு என்று சொன்னது தப்பு என்று எனக்கே தெரிந்தது. ஆனால் புறங்கையால் தொடுகிற மனிதரை எத்தனை நாளைக்கு அனுப்பிவைப்பது? உள்ளங்கையால் தொட்டால் விரல் மடங்கிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும், புறங்கையால் தொட்டால் கை தானே உதறிவிடும் என்பது இவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஈரக் காலோடு வாய்க்காலில் நிற்கிறவனுக்கு அந்தக் கணக்கு உதவாது.

நானும் கொஞ்சம் படித்தவள்தான். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்த்தேன். கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய், வரிசையாக வரும் போர்டுகளை மெஷினில் வைத்துச் சோதித்து, பச்சை விளக்கு என்றால் இந்தப் பக்கம், சிவப்பு என்றால் அந்தப் பக்கம் தள்ளுகிற வேலை. கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் படிப்பு மிக்ஸி வயரை ஒட்டவைக்க மட்டும்தான் பயன்பட்டது. இப்போது அதைத் தூசி தட்டி எடுத்தேன். இவருக்குப் பார்க்கத்தானே முடியாது, காது நன்றாகக் கேட்கிறது. கரண்ட் இருந்தால் கத்துகிற டெஸ்டர் ஒன்று செய்து கொடுத்துவிட்டால்?

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரு பாய் ரேடியோ, டிவி சாமான் கடை வைத்திருக்கிறார். மூன்று ட்ரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர், ஒரு பஸ்ஸர், ஒன்பது வோல்ட் பேட்டரி என்று நான் சொல்லச் சொல்ல எடுத்து வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, பிள்ளைக்கு ஸ்கூல்ல பிராஜக்டா?"

"வூட்டுக்காரருக்கு, பாய்."

"அவுரு இந்த வயசுல ஸ்கூலுக்கு போறாரா?" என்று சிரித்தவர், பஸ்ஸரை மட்டும் திரும்ப உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு வேறு ஒன்றைத் தேடிக் கொடுத்தார். "அது கொசு மாதிரி கத்தும். வயல்வெளில காத்துக்கு கேக்காது. இத்த வெச்சிக்க. இது கத்துச்சுனா பக்கத்து வூட்டுக்காரனே பேஜார் ஆயிடுவான்." எந்த இடத்துக்கு என்று நான் சொல்லவில்லை, ஆனால் வயல்வெளி என்று அவராகவே சொன்னார். அன்றைக்கு அதை நான் கவனிக்கவில்லை.

சோறு வடித்து முடித்த அடுப்பு மேடையிலேயே வேலையைத் தொடங்கினேன். சங்கதி ரொம்ப எளிது. கரண்ட் ஓடுகிற கம்பியைத் தொடவே வேண்டாம், பக்கத்தில் போனாலே அதன் வாடை மாதிரி ஒன்று காற்றில் இருக்கும். முதல் ட்ரான்சிஸ்டரின் காலில் ஒரு சின்னச் செம்புக் கம்பிச் சுருள். அது அந்த வாடையைப் பிடித்து இரண்டாவதிடம் சொல்லும். இரண்டாவது அதைப் பெரிசாக்கி மூன்றாவதிடம் சொல்லும். தெருக்குழாயில் ஒருத்தி முணுமுணுத்தது மூன்றாவது வீட்டுக்குப் போகும்போது ஊர்க்கதை ஆகிவிடுவதைப் போலத்தான். மூன்றாவது ட்ரான்சிஸ்டர் பஸ்ஸரைக் கத்தவைக்கும். எல்லாவற்றையும் ஒரு ரோஸ் நிறச் சோப்பு டப்பாவில் அடைத்து, செம்புச் சுருளை ஒரு பழைய பேனாக் குழலில் மூக்கு மாதிரி வெளியே நீட்டிவிட்டேன்.

முதலில் அது வாயை மூடவே இல்லை. சுவரைப் பார்த்துக் கத்தியது, ஃபேனைப் பார்த்துக் கத்தியது, என்னைப் பார்த்தே கத்தியது. "உன்ன மாதிரியே கீது" என்றார் இவர், கட்டிலில் சாய்ந்துகொண்டு. செம்புச் சுருளில் பாதியை வெட்டிப்போட்டேன். அப்புறம் ஒழுங்குக்கு வந்தது. கரண்ட் இருந்தால் கத்தியது, இல்லையென்றால் சும்மா இருந்தது.

அந்தச் சும்மா இருப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பேட்டரி தீர்ந்துபோனாலும் அது சும்மாதான் இருக்கும். கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஷிஃப்ட் தொடங்கும்போது, கெட்டது என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு போர்டை முதலில் மெஷினில் வைப்போம். மெஷின் சிவப்பு காட்டினால்தான் வேலை தொடங்கும். கெட்டதைக் கெட்டது என்று சொல்லத் தெரியாத மெஷின் நல்லதை நல்லது என்று சொன்னால் யார் நம்புவது? அதையே இவருக்கும் சொன்னேன்.

"பொட்டிகிட்ட போனதும் மொதல்ல மெயின்ல கரண்ட் வர்ற எடத்தாண்ட வை. கத்துதா பாரு. அப்பால மெயின எறக்கு. திரும்ப வை. சும்மா இருந்தாதான் கைய வைக்கணும். மூணும் பண்ணணும். ஒயுங்கா பண்ணுவியா?"

"பண்றேன்."

"சத்தியமா?"

"பண்றேன்டி. ரோஸ் கலர்தான் ஒரு மாதிரியா கீது."

செய்தார். மூன்று மாதம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஊர்க்காரர்கள் அந்த டப்பாவைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். இது என்ன என்று கேட்டவர்களிடம் "டிஜிட்டல் அயிட்டம், கம்பெனிலருந்து வருது" என்று சொன்னார். பின்னாலேயே நின்றுகொண்டிருந்த எனக்கு மண்டைக்கு ஏறியது. என் சமையல் மேடையில் பிறந்ததைக் கம்பெனி அயிட்டம் என்கிறாரே என்று வீட்டுக்கு வந்து சண்டை பிடித்தேன். "நீ பண்ணேன்னா எதுக்கு பண்ணேன்னு கேப்பாங்க" என்றார். அதுவும் சரிதான். அந்த டப்பா இவரைக் காப்பாற்றியது, கூடவே இவர் கண்ணையும் ஊரிடமிருந்து மறைத்து வைத்தது. எனக்கு இரண்டுமே சந்தோஷமாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கம் மூன்று ஃபேஸ் கரண்ட் நாள் முழுக்க வராது, முறை வைத்துத்தான் வரும். மற்ற நேரத்தில் இரண்டு ஃபேஸ்தான், வீட்டு விளக்குக்குப் போகிற அளவுக்குத்தான் கம்பியில் இருக்கும். மோட்டாருக்கோ மூன்றும் வேண்டும். அதனால் சிலர் கன்டென்சர் என்று ஒரு டப்பாவை வாங்கி மாட்டி, இருக்கிற இரண்டை வைத்தே மோட்டாரை ஏமாற்றி ஓட்டிவிடுவார்கள். ஈபி ஆட்கள் பார்த்தால் திட்டுவார்கள். என் வீட்டுக்காரர் அவர்களைவிட மோசம். "மோட்டாரு வெந்துடும், அப்பால என்கிட்ட வந்து அழாத" என்று வரப்பில் நின்று பிரசங்கமே செய்வார். ஆகவே கன்டென்சர் வைத்திருப்பவர்கள் ஈபிக்கு மறைத்ததைவிட இவருக்குத்தான் அதிகமாக மறைத்தார்கள்.

நவரை நெல் கதிர் பிடிக்கிற நேரம். பக்கத்து ஊரில் தனியாளாக நின்று பயிர் செய்கிற ஒரு அக்கா போன் செய்தார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும், எங்கள் இரண்டு பேரையும்விட மூத்தவர். "தம்பி, மோட்டாரு உறுமுது, ஓட மாட்டுது. இன்னும் ரெண்டு நாள் தண்ணி இல்லனா எல்லாம் பதராப் பூடும்." நான் வண்டி ஓட்ட, இவர் பின்னால் உட்கார, போனோம்.

நான் அக்காவோடு வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். இவர் பெட்டியைத் திறந்தார். சோப்பு டப்பாவை மெயினுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், கத்தியது. மெயினை இறக்கினார். திரும்ப வைத்தார், சும்மா இருந்தது. மூன்றையும் ஒழுங்காகச் செய்தார், நான் என் கண்ணால் பார்த்தேன். அக்கா பேச்சை நிறுத்திவிட்டுப் பெட்டிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ சொல்ல வருகிற மாதிரி வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். இவர் உள்ளே கையை விட்டார்.

படார் என்று ஒரு சத்தம். மனிதர் பின்பக்கமாக வாய்க்காலில் போய் விழுந்தார்.

"ஐயோ, கன்டென்சரு" என்று அக்கா ஓடினார்.

பெட்டிக்குப் பின்னால் ஒரு யூரியா சாக்கில் சுற்றி ஒளித்து வைத்திருந்தார். பழைய, மலிவான கன்டென்சர். மெயினை இறக்கினாலும் அது குடித்த கரண்ட் அதன் வயிற்றிலேயே இருக்கும், தொடுகிறவனுக்காகக் காத்துக்கொண்டு. என் சோப்பு டப்பா முகர்வது போய் வந்து போய் வந்து ஓடுகிற கரண்ட்டை மட்டும்தான். குடத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் நிற்பது அதற்குத் தெரியாது. இது என் முதல் வருஷப் பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

இவர் தானாகவே எழுந்து உட்கார்ந்தார். இரண்டு விரல் நுனி கருகியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. நான் என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அக்காவை ரொம்பக் கேவலமாகத் திட்டினேன் என்று பின்னால் தெரிந்தது. ரோஸ் டப்பா வாய்க்காலில் மிதந்துகொண்டு போனது. அக்காதான் இறங்கி எடுத்தார். உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு ஒயர் மாட்டிப் பார்த்து, சாயங்காலம் வரை படுக்கவைத்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள்.

கட்டுப் போட்ட விரலை மடியில் வைத்துக்கொண்டு வீட்டில் சொன்னார்: "கண்ணு நல்லா இருந்தப்ப பொட்டிய தொறந்ததும் தெரியும். கன்டென்சரு இருந்தா ரெண்டு வயரு அதிகமா இருக்கும், தடியா. பாத்ததும் புரிஞ்சிடும். அப்பால ஒரு பல்ப வெச்சி அத்த காலி பண்ணிட்டுதான் கைய வைப்பேன்." எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. ஒரு பக்கம் அக்கா கன்டென்சரை இவரிடமிருந்து மறைத்தார். இன்னொரு பக்கம் இவர் கண்ணை அக்காவிடமிருந்து மறைத்தார். நடுவில் நான் ஒரு டப்பாவைச் செய்து கொடுத்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அக்கா வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், இன்னொரு கையில் அந்த யூரியா சாக்கு. உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

"உள்ள வாக்கா" என்றார் இவர்.

"எந்த மூஞ்ச வெச்சிக்கினு வர்றது? உன்ன கொல்ல பாத்துட்டேன் தம்பி. நீ திட்டுவன்னு மறைச்சி வெச்சேன். நேத்து சொல்லலாம்னு வாய தொறந்தேன். அவ்ளோ உஷாரா டப்பாவ வெச்சி வெச்சி பாக்கறியே, தெரிஞ்சிப்பன்னு வுட்டுட்டேன்." குரல் நடுங்கியது. "கழட்டி எடுத்தாந்துட்டேன். உடைச்சி போடு. ஊர்ல கேட்டா என் மேல தப்புன்னு நானே சொல்றேன்."

நான் வாசல் பெருக்கிவிட்டு அக்காவுக்குப் பின்னால், கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். என் மனசில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். அக்காவே எல்லாப் பழியையும் தூக்கிக்கொண்டு போகிறார், போகட்டும், இவர் பேர் தப்பியது என்றுதான் நினைத்தேன். இவர் எதையாவது உளறிவிடக் கூடாது என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். இவர் முகம் என் பக்கம் திரும்பியது. அப்புறம் அக்கா பக்கம் திரும்பியது. அவருக்கு என் ஜாடை தெரியவில்லை என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

"உன் மேல மட்டும் தப்பு இல்லக்கா" என்றார். "அந்த வயரு என் கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு. எனக்கு தெரியல. சக்கரைல கண்ணு பூடுச்சு. ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. யார்கிட்டயும் சொல்லல."

அக்கா பழத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப இத்தினி நாளு எப்டி பாத்த?"

இவர் அலமாரியைக் காட்டினார். "அந்த டப்பா கத்தும். கம்பெனி அயிட்டம் இல்ல. இவ பண்ணது."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நேற்று அவரைத் திட்டிய வாயோடு அங்கே நின்றுகொண்டிருந்தேன். கூச்சமாக இருந்தது.

"மன்னிச்சுக்கோக்கா" என்றேன்.

"புருசன் வுயுந்து கெடக்கறப்ப கொஞ்சவா செய்வாங்க, வுடு" என்றவர், இவர் பக்கம் திரும்பினார். "பயிரு காயிது தம்பி. எப்ப வர?"

"நான் இப்ப இன்னா சொன்னேன்னு காதுல வுயுந்துச்சா? எனக்கு கண்ணு..."

"வுயுந்துச்சு. எனக்கு ரெண்டும் நல்லா தெரியுது. வயரு இன்னா கலரு, எது எங்க போவுதுன்னு நான் சொல்றேன். நீ எத்த கழட்டணும்னு சொல்லு, நான் கழட்டறேன். உன் வெரலும் ஆறணும்ல."

போகும்போது சாக்கை எடுக்கப் போனவரை நான் தடுத்தேன். "அது இங்கயே இருக்கட்டும்க்கா. எனக்கு வேணும்."

அக்காவின் பக்கத்து நிலத்துக்காரர் ஒரு முறை அக்கா பயிருக்குத் தண்ணீர் விட்டார். அதில் கிடைத்த இரண்டு நாளில் இன்னொரு டப்பா செய்தேன், பச்சை நிறம். இது முகராது, தொடும். இரண்டு நீளக் கம்பி, பிடிக்க ரப்பர் உறை. உள்ளே பெரிய ரெசிஸ்டர்கள், ஒரு பஸ்ஸர். கன்டென்சரின் இரண்டு முனையில் வைத்தால், வயிற்றில் இருக்கிற கரண்ட் ரெசிஸ்டர் வழியாக மெல்ல வடியும். வடிகிற வரைக்கும் பஸ்ஸர் கத்தும். கத்தல் இளைத்து இளைத்து நின்றுபோனால் காலி. இதையும் கெட்டது என்று தெரிந்த ஒன்றில்தானே முதலில் சோதிக்க வேண்டும்? அக்காவின் கன்டென்சரில்தான் சோதித்தேன். ஒரு தடவை இல்லை, இருபது தடவை. பாய் கடைக்கு மூன்று முறை போனேன். மூன்றாவது முறை அவர், "அவுரு கண்ணு எப்டி கீது தங்கச்சி?" என்று கேட்டார். "உங்களுக்கு எப்டி தெரியும், பாய்?" என்றேன். "அவுரு கடைக்கு வந்து ஃபியூஸ் மேல இருக்கற நம்பர என்னிய படிக்க சொல்லுவாரு. ரொம்ப நாளா" என்றார். முதல் நாளே அந்தப் பேஜார் பஸ்ஸரைத் தேடிக் கொடுத்தது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது.

விஷயம் ஊரெல்லாம் பரவியது. பரவாமல் இருக்குமா? மூன்று நான்கு பேர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருவர் இவருடைய நெருங்கின சேக்காளி. அது இவருக்கு இன்னமும் வலிக்கிறது. எனக்கு வலிப்பதைவிட எரிகிறது. ஆனால் மற்றவர்கள் கூப்பிடத்தான் செய்கிறார்கள். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் இவர் கேட்கிற கேள்வி ஒன்று இப்போது வழக்கமாகிவிட்டது: "உள்ள இன்னா இன்னா கீது, நீயே சொல்லிடு." முன்பு வாயே திறக்காதவர்கள் எல்லாம் டாக்டரிடம் சொல்கிற மாதிரி மெல்லிய குரலில் சொல்கிறார்கள். ரெண்டு கன்டென்சர் கீதுண்ணா. ஒயரு எலி கடிச்சி டேப்பு சுத்தி கீதுண்ணா. பாதிப் பெட்டிகளில் எதையாவது ஒளித்து வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. இவரும் பிரசங்கத்தைக் குறைத்துக்கொண்டார், அடியோடு விடவில்லை.

ஆனால் எனக்கு நெஞ்சில் நிற்பது அக்காவின் மோட்டாரைச் சரிசெய்த அந்த நாள்தான். இவர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். ரோஸ் டப்பாவையும், கன்டென்சரைக் கழற்றியாயிற்று என்று தெரிந்தும் பச்சை டப்பாவையும் அவரே வைத்துப் பார்த்தார், அதை யாருக்கும் விடவில்லை. இரண்டும் கத்தவில்லை என்று ஆன பிறகு அக்கா பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "செவப்பு மேல போவுது, மஞ்சளு நடுவுல, நீலம் கீய" என்று சத்தமாகப் படித்தார். "நடுவுல தேய்ஞ்சி கருப்பா கீதா?" என்று இவர் கேட்டார். "கரி மாதிரி கீது தம்பி." அதுதான் கோளாறு, கரண்ட் சேருகிற முனை கருகியிருந்தது. உப்புத்தாள் வைத்து எப்படித் தேய்க்க வேண்டும் என்று இவர் சொல்ல, அக்கா தேய்த்தார். மூன்று ஃபேஸும் வருகிற நேரம் வரைக்கும் காத்திருந்து மெயினைப் போட்டோம். மோட்டார் ஒரு உறுமல் உறுமி ஓடியது. இவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "பேரிங் நல்லா கீது. இன்னும் ரெண்டு வருசம் வரும்" என்றார். தண்ணீர் வந்து விழுந்ததும் அக்கா அதில் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

திரும்பி வரும்போது வண்டியில் கேட்டேன்.

"அன்னிக்கு அக்கா வந்து நின்னப்ப நான் ஜாடை காட்டுனேன். சொல்லாத சொல்லாதன்னு. உனக்கு தெரியல, இல்ல?"

பின்னாலிருந்து என் காதருகே சாய்ந்தார்.

"தெரிஞ்சிது. கதவாண்ட வெளிச்சம் இருந்துச்சு. நீ கைய ஆட்டுனது நல்லாவே தெரிஞ்சிது."

"அப்பறம் ஏன் சொன்ன?"

"அந்த அக்கா கொரலு நடுங்கிச்சு. நான் மறைச்சதுக்கும் சேத்து அது அழுவுது. அத்த கேட்டுக்கினு எப்டி சும்மா இருக்கறது?"

ஆஸ்பத்திரி ஃபைலைப் பார்த்த நாளிலிருந்து இந்த மனிதரிடம் என்னென்ன இல்லாமல் போகிறது என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னமும் என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. பாத்திரம் கழுவி முடிக்கும் வரைக்கும் காத்திருக்கிற அழுகை அன்றைக்குக் காத்திருக்கவில்லை. ரோடு கலங்கிப்போய்த் தெரியாமல் ஆனது. வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினேன்.

"இன்னா, பெட்ரோல் தீந்துடுச்சா?" என்றார்.

"இல்ல. கண்ணு தெரியல. கொஞ்சம் இரு."

என் தோளில் கட்டுப் போட்ட விரலை வைத்து, காலை ஊன்றி இறங்கினார்.

"அப்ப எறங்கு" என்றார். "நான் ஓட்டறேன்."